‘இலவச’ சர்வீஸுக்கு ஏன் பில் வருகிறது: புது வேனின் பராமரிப்புக் கணக்கு

புது வேனை முதல் இலவச சர்வீஸுக்கு விட்டுவிட்டு மாலையில் எடுக்கப் போனபோது கவுன்ட்டரில் ஒரு பில் காத்திருந்தது. இலவசம் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். “லேபர் மட்டும்தான் சார் ஃப்ரீ” என்றார் அங்கிருந்தவர், இதையே பல பேரிடம் சொல்லிச் சலித்துப்போன குரலில். ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக்கின் வாஷர், அப்புறம் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தால் துடைக்கும் துணி, கிளீனர் ஸ்பிரே, கிரீஸ் என்று பதில் வந்தது.

என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லாம் வண்டியோடு கொடுத்த கையேட்டில் அச்சிட்டே இருந்தது, படிக்காதது என் தப்பு. விலை, மைலேஜ், எவ்வளவு லோடு ஏற்றலாம், கடன் தவணை என்று ஒன்று விடாமல் விசாரித்தவன், கையேட்டின் பின்பகுதியில் இருக்கும் பராமரிப்பு அட்டவணையை மட்டும் திறந்தே பார்க்கவில்லை. முதல் வருட பில் ஒரு பெரிய விஷயமே இல்லை என்பது அதைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது வருடத்திலிருந்து ஐந்தாவது வருடம் வரைக்கும்தான் உண்மையான செலவு உட்கார்ந்திருக்கிறது. அதைக் கிட்டத்தட்ட முழுதாக, வண்டி வாங்கும் முன்பே, ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்துவிடலாம்.

எந்த சர்வீஸ் பில்லை எடுத்தாலும் அதில் நான்கு சமாச்சாரங்கள்தான்: கூலி, ஆயில் முதலான திரவங்கள், பாகங்கள், நீங்கள் கேட்காமலே சேர்ந்துகொள்ளும் உபரிகள்.

கூலியிலிருந்து ஆரம்பிப்போம். பெரிய ஒர்க்ஷாப்களில் மெக்கானிக் உண்மையில் எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்பதை வைத்து உங்களிடம் வாங்குவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தயாரிப்பாளர் இவ்வளவு மணி நேரம் என்று ஒரு அளவு நிர்ணயித்திருப்பார், பெரும்பாலும் மணியில் பத்தில் ஒரு பங்கு கணக்கில். 0.1 என்றால் 6 நிமிடம், 1.2 என்றால் 72 நிமிடம். கை பழகிய ஆள் 40 நிமிடத்தில் முடித்துவிட்டாலும் பில்லில் 1.2 தான் வரும். அனுபவமில்லாதவர் இரண்டு மணி நேரம் உருட்டினாலும் அதே 1.2 தான், அது உங்களுக்கு நல்லது. ஆகவே ‘அரை மணியில் முடித்துவிட்டு ஒரு மணிக்கு மேல் வாங்குகிறான்’ என்று சண்டை போடுவதில் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உங்கள் ஒரு மணி நேரக் கூலி எவ்வளவு, இந்த வேலைக்கு எத்தனை மணி போடுகிறீர்கள். இந்த இரண்டு எண்களையும் வாங்கிவிட்டால் இரண்டு ஒர்க்ஷாப்களை நேராக ஒப்பிடலாம். வேன்களில் எஞ்சின் பாதி முன்கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும், சிலவற்றில் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சினையே பார்க்க முடியும். அதனால் காரில் பத்து நிமிடத்தில் முடிகிற ஃபில்டர் வேலை இங்கே அரை மணி ஆகும். வேனின் கூலி காரை விட ஏறுவதற்கு பாதிக் காரணம் இந்த இடநெருக்கடிதான்.

இனி ஆயில். சிறிய பெட்ரோல் காருக்கு 3 அல்லது 4 லிட்டர் போதும். டீசல் வேன் என்றால் 6, 7 லிட்டர் சாதாரணம், பெரிய வேன்கள் சிலவற்றில் 11, 12 லிட்டர் வரை போகிறது. ‘காருக்கு இவ்வளவுதானே ஆகிறது, வேனுக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு?’ என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் இதுதான், ஊற்றுகிற அளவே இரண்டு மடங்கு. எந்த ஆயில் என்பது அடுத்தது. 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் போதும், எந்த டப்பாவாக இருந்தாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே என்ன ரசாயனம் கலந்திருக்கிறது என்பதை அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் தரக்குறியீடுதான் சொல்லும்.

இது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய டீசல் வேனில் பெரிய செலவுகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. டீசல் எரிவதில் வரும் கரித்துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. நிறைந்ததும் வண்டியே தானாக அதைச் சுத்தம் செய்துகொள்ளும். எஞ்சின் வழக்கத்தை விட அதிகமாக டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சேர்ந்த கரியை எரித்துவிடும். கரி எரிந்துபோகும். ஆனால் ஆயிலில் இருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மங்கள் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் மறுபடி எரியாது, உள்ளேயே தங்கிவிடும். இதனால்தான் டிபிஎஃப் உள்ள வண்டிகளுக்கு சாம்பல் குறைவான ஆயிலைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஐரோப்பியத் தரத்தில் ஏ.சி.இ.ஏ. சி3 என்று குறித்த ஆயிலில் சல்பேட்டட் ஆஷ், அதாவது எரித்தபின் மிஞ்சும் சாம்பல், 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே தரவரிசையின் ஏ3/பி4 வகையில் அது 1.6 வரை இருக்கலாம். இரண்டு டப்பாவிலும் 5டபிள்யூ-30 என்றுதான் போட்டிருக்கும். விலை குறைந்ததை எடுத்து ஊற்றினால் அந்த வருடம் ஒன்றும் தெரியாது. நான்கைந்து வருடம் கழித்து டிபிஎஃப் அடைத்துக்கொண்டு நிற்கும்போது எந்த டப்பாவால் வந்தது என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. டிபிஎஃப் மாற்றுவதற்கான விலையை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் ஆயிலில் பேரம் பேசத் தோன்றாது.

அந்த 600 டிகிரிக்கு வண்டியை ஓடவிட வேண்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து கால் மணி, இருபது நிமிடம் ஓடினால் வேலை முடிந்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தெருத்தெருவாக நின்று நின்று பொருள் இறக்கும் டெலிவரி வேனுக்கு அந்த இருபது நிமிடம் வாய்ப்பதே இல்லை. சுத்தம் செய்ய ஆரம்பிக்கும், அதற்குள் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிடுவார், மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிறுத்துவார். ஒவ்வொரு தடவையும் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் லெவல் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். ‘என் வண்டி ஆயிலே குடிப்பதில்லை, லெவல் ஏறித்தான் இருக்கிறது’ என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாவம், அது டீசல். இந்த மாதிரி ஓடும் வண்டிகளில்தான் ‘சர்வீஸ் செய்’ என்ற விளக்கு, அட்டவணையில் போட்ட கிலோமீட்டருக்கு வெகு முன்னாலேயே எரிகிறது. பல வண்டிகளில் கணினி இந்தக் கணக்கை வைத்திருக்கிறது: எத்தனை முறை ஸ்டார்ட் செய்தீர்கள், எஞ்சின் எவ்வளவு நேரம் குளிர்ந்த நிலையில் ஓடியது, டிபிஎஃப் சுத்தம் எத்தனை முறை பாதியில் நின்றது என்று எல்லாவற்றையும்.

ஆக, அதே மாடல், அதே மாதத்தில் வாங்கிய இரண்டு வேன்களுக்கு சர்வீஸ் செலவு ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கையேட்டில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்று சாதாரணப் பயன்பாட்டுக்கு. இன்னொன்று கடுமையான பயன்பாட்டுக்கு. விளம்பரத்தில் வருவது முதலாவது. இரண்டாவதில் ‘கடுமை’ என்றால் என்ன என்று ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள்: குறுகிய தூரம் அடிக்கடி போவது, நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது, தூசி, அதிக வெப்பம், மலைப்பாதை, எப்போதும் முழு லோடு, இழுவை வண்டி. வேன் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் இதில் ஒன்றுகூட இல்லாமல் ஓட்டுகிறோம்? வேன் என்ற வண்டியே இந்தப் பட்டியலுக்காகத்தானே செய்யப்பட்டது. இந்த அட்டவணையில் ஆயில் மாற்றும் இடைவெளி சில சமயம் பாதியாகிவிடும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவதைப் பற்றி ஒரு கணக்கு: சில தயாரிப்பாளர்கள் ஒரு மணி நேர ஐட்லிங்கை சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏசிக்காக தினமும் இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓடவிடும் வண்டி, மீட்டரில் ஏறாமலே தினமும் 80 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கிலோமீட்டரும் காலமும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேனுக்கு சர்வீஸ் இடைவெளி 20,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. இன்னொரு வேனுக்கு 40,000 அல்லது இரண்டு வருடம். வருடத்துக்கு 40,000 ஓடுபவருக்கு நான்கு வருடத்தில் 1,60,000 ஆகும். முதல் வேனில் எட்டு சர்வீஸ், இரண்டாவதில் நான்கு. அதாவது இரண்டாவது வேனில் ஒரு சர்வீஸின் விலை ஒன்றரை மடங்காக இருந்தாலும் மொத்தத்தில் அதுதான் மலிவு. வருடத்துக்கு 8,000 மட்டும் ஓடுபவருக்கு நான்கு வருடத்தில் 32,000 தான். கிலோமீட்டர் கணக்கில் முதல் வேனுக்கு ஒரு சர்வீஸ் போதும். ஆனால் ‘அல்லது ஒரு வருடம்’ என்ற மூன்று சொற்கள் போதும் நம்மை மாட்டிவிட, அவருக்கு நான்கு சர்வீஸ். கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால் குறைவாக ஓடுபவர்தான் அதிகம் கொடுக்கிறார். வண்டி சும்மா நிற்கிறதே, எதற்கு சர்வீஸ் என்று தள்ளிப்போடுபவர்களும் இவர்கள்தான். வாரண்டி கேட்டுப் போகும்போது மாட்டிக்கொள்பவர்களும் இவர்களே.

முதல் வருடத்தில் ஆயிலும் ஃபில்டரும்தான். இரண்டாவது வருடத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேரும். பெரும்பாலும் முதலில் வருவது பிரேக் ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இதை வெட்டிச் செலவு என்று தட்டிக்கழிப்பவர்கள் உண்டு, பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது என்பார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும், சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் 155 டிகிரி வரை இறங்கலாம். முழு லோடோடு மலை இறங்கும்போது பிரேக் அந்தச் சூட்டை எட்டிவிட்டால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகி பெடல் பொதுக்கென்று உள்ளே போய்விடும். சமதளத்தில் காலியாக ஓடும்போது இது ஒருநாளும் தெரியாது. இந்த ஒரு செலவில் நான் வாயைத் திறப்பதில்லை.

டீசல் ஃபில்டரும் அப்படித்தான். காமன் ரெயில் எஞ்சினில், அதாவது ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகையில், டீசலை 1,600, 2,000 பார் அழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள், துளி நீரோ கண்ணுக்குத் தெரியாத தூசியோ போனால் இன்ஜெக்டர் போச்சு. ஃபில்டர் விலையையும் நான்கு இன்ஜெக்டர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் இரண்டும் சின்னச் செலவு. இவற்றில் கேபின் ஃபில்டரை பல வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி நீங்களே மாற்றிவிடலாம். கூலண்ட் வழக்கமாக நான்கைந்து வருடம் தாங்கும்.

அட்டவணையில் தேட வேண்டிய மிகப்பெரிய வரி டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பெல்ட். சில எஞ்சின்களில் பெல்ட், சிலவற்றில் செயின். பெல்ட் என்றால் அதற்கு ஒரு ஆயுள் உண்டு, பெரும்பாலும் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் கிலோமீட்டருக்குள், அல்லது இத்தனை வருடம் என்று. மாற்றும்போது பெல்ட்டோடு டென்ஷனர், ரோலர், பெரும்பாலும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுவார்கள். எஞ்சினைப் பாதி திறக்கிற வேலை, அதனால் கூலிதான் பெரிய பங்கு. மாற்றாமல் விட்டு அது அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் காலி. அண்மைக் காலத்தில் ஆயிலிலேயே மூழ்கி ஓடும் பெல்ட்டும் சில வண்டிகளில் வந்திருக்கிறது. அதில் தவறான ஆயில் ஊற்றினாலோ, டீசல் கலந்த ஆயிலை மாற்றாமல் ஓட்டினாலோ பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள்கள் ஆயில் பம்பின் வலையை அடைக்கும். மேலே ஆயிலைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வண்டியில் எது என்று ஷோரூமில் கேட்டால் பல நேரம் விற்பனையாளருக்கே தெரியாது. சர்வீஸ் பிரிவில் கேளுங்கள்.

புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற திரவம் ஊற்றும் வண்டி என்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 32.5 சதவீத யூரியா கரைசல், மீதி சுத்திகரித்த நீர். சர்வீஸில் நிரப்பித் தருகிறேன் என்று லிட்டருக்கு இவ்வளவு என்று போடுவார்கள். வெளியே கேனில் வாங்கி நீங்களே ஊற்றினால் குறைவு. ஆனால் டீசல் டேங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். இரண்டு மூடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் இந்த விபத்து நடக்கிறது, அப்படி நடந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பிரேக் பேட், டிஸ்க், கிளட்ச், டயர், வைப்பர், பல்பு இவையெல்லாம் தேய்மானக் கணக்கு. புது வண்டி, வாரண்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனால் ‘இது தேயும் பாகம், வாரண்டியில் வராது’ என்பார்கள், அது பொதுவாகச் சரிதான். சர்வீஸ் பேக்கேஜில் வருகிறதா என்பது தனிக் கேள்வி.

அப்புறம் உபரிகள். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், ஏசி கிருமி நீக்கம், பிரேக் கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், டயருக்கு நைட்ரஜன். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் பதினொரு மாத வண்டிக்கு எஞ்சின் ஃப்ளஷ் எதற்கு? எனக்கு ஒரு எளிய சோதனை உண்டு. கையேட்டின் அட்டவணையில் அந்த வரியைக் காட்டுங்கள் என்று கேட்பேன். இருந்தால் செய்யச் சொல்வேன். இல்லையென்றால், என்ன அறிகுறி பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பேன். வண்டியை விடும்போதே ‘என்னைக் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம்’ என்று வேலை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தலையில் கட்டுவது பாதியாகக் குறைகிறது. வீல் அலைன்மென்ட் மட்டும் விதிவிலக்கு. டயர் ஒரு ஓரத்தில் தேய்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, அப்படியென்றால் அட்டவணையில் இல்லாவிட்டாலும் செய்துவிடுங்கள், டயர் விலையில் திரும்பக் கிடைத்துவிடும்.

வெளியில் செய்தால் வாரண்டி போய்விடும் என்பது பாதி உண்மை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாக்னுசன்-மாஸ் சட்டம் வந்த நாளிலிருந்தே, எங்கள் பாகத்தை அல்லது எங்கள் சர்வீஸைக் காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று தயாரிப்பாளர் பொதுவாக நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளும் அதே திசையில்தான் இருக்கின்றன. எல்லா நாட்டிலும் அப்படியில்லை, வாரண்டிப் புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்கே செய்தாலும் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில்தான் வந்து விழும். பில்லில் தேதி, கிலோமீட்டர், சேசிஸ் எண், ஆயிலின் முழுத் தரக்குறியீடு, ஃபில்டரின் பாக எண் இவ்வளவும் இருக்க வேண்டும். ‘ஆயில் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு எதற்கும் உதவாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் முத்திரை குத்தித் தரும் பழைய புத்தகம் இப்போது பல தயாரிப்பாளர்களிடம் இல்லை, பதிவு அவர்களின் கணினியில்தான். வெளியில் செய்த சர்வீஸ் அதில் ஏறாமல் போகலாம், விற்கும்போது வாங்குபவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார். வாரண்டி முடிந்து சில மாதத்தில் பெரிதாக ஒன்று உடைந்தால் பாதிச் செலவைத் தயாரிப்பாளர் நல்லெண்ணமாக ஏற்பதுண்டு. அந்தச் சலுகை பெரும்பாலும் அவர்களிடமே ஒழுங்காக சர்வீஸ் செய்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது. அதனால் வாரண்டி இருக்கும்வரை அவர்களிடம், முடிந்ததும் நம்பகமான வெளி மெக்கானிக்கிடம் என்பது என் வழி. வாரண்டிக் காலத்திலேயே டயர், பேட், பேட்டரி இவற்றை வெளியில் மாற்றிக்கொள்வதில் நான் தயங்குவதில்லை.

முன்பணம் கட்டும் சர்வீஸ் திட்டம் லாபமா என்று கேட்பவர்கள், மேலே சொன்ன தாளை எடுத்து அந்தக் காலத்துக்குள் உங்கள் ஓட்டத்துக்கு எத்தனை சர்வீஸ் வரும், அதில் எது சின்னது, எது பெரியது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலையை சர்வீஸ் பிரிவில் எழுதி வாங்குங்கள். கூட்டிப் பார்த்து திட்ட விலையோடு ஒப்பிடுங்கள். மூன்று வருடத் திட்டம், டைமிங் பெல்ட்டும் கூலண்டும் நான்காம் வருடம் என்று அமைந்திருந்தால் மலிவான சர்வீஸ்களுக்கு மட்டும் முன்பணம் கட்டியிருப்பீர்கள். கிலோமீட்டர் வரம்பு இருக்கிறதா, கடுமையான பயன்பாட்டு அட்டவணைக்கும் பொருந்துமா, வண்டியை விற்றால் அடுத்தவருக்கு மாறுமா என்று மூன்றையும் கேளுங்கள். விலை ஏறாமல் பூட்டி வைப்பது ஒன்றுதான் இதில் உறுதியான லாபம்.

மின்சார வேனில் எஞ்சின் ஆயில், டீசல் ஃபில்டர், டைமிங் பெல்ட், டிபிஎஃப், ஆட்ப்ளூ எதுவும் இல்லை. அதற்காக சர்வீஸே இல்லை என்று அர்த்தமில்லை. பிரேக் ஆயில், கேபின் ஃபில்டர், பேட்டரியைக் குளிர்விக்கும் கூலண்ட் எல்லாம் உண்டு. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் நீண்ட நாள் வரும், ஆனால் அவ்வளவாகப் பயன்படாத டிஸ்க்கில் துரு ஏறும். வண்டி கனம், மோட்டாரின் இழுவை வேகம் இரண்டும் சேர்ந்து டயரைச் சீக்கிரம் தின்னும்.

பில்லில் வராத ஒரு செலவு மிச்சமிருக்கிறது: வண்டி நிற்கும் நாள். வேன் வைத்துப் பிழைப்பவருக்கு அது சில சமயம் பில்லை விடப் பெரியது. என் இரண்டாவது சர்வீஸில் காலையில் விட்ட வண்டி மறுநாள் மாலைதான் வந்தது. காரணம், அவர்களிடமிருந்த டீசல் ஃபில்டர் என் மாடலின் இன்னொரு எஞ்சினுக்கு உரியது. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, உள்ளே எஞ்சின் இரண்டு வகை. அன்றிலிருந்து, வண்டியை விடுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே போன் செய்து, சேசிஸ் எண்ணைச் சொல்லி, இந்த எண்ணுக்குரிய ஃபில்டர்கள் எல்லாம் கையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கொண்டுபோகிறேன். ஒருமுறை “இல்லை சார், வியாழக்கிழமை வாருங்கள்” என்றார்கள். வியாழக்கிழமை விட்டேன், மதியத்துக்குள் கொடுத்துவிட்டார்கள்.